மார்கழிப் பனியும் மர இசைக்கருவிகளும்

ஐப்பசி பிறந்ததும் நம் ஊர் வீடுகளில் ஒரு சிறு தொல்லை தொடங்கும். சித்திரையில் ஒரு விரலால் தள்ளினாலே திறந்துகொண்ட கதவு, இப்போது தோள் கொடுத்துத் தள்ளினாலும் அசையாது. அம்மா அலுத்துக்கொள்வார். தச்சரை வரவழைத்து ஓரத்தைச் சிறிது இழைத்துவிடலாம் என்பார் அப்பா. தச்சர் வருவதற்குள் தை முடிந்து மாசி வந்துவிடும்; கதவும் தானே இளகிவிடும். இது யாவரும் அறிந்ததே. ஆனால் கதவுக்கு நேர்வது வீணைக்கும் வயலினுக்கும் நேர்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கதவை இழைத்துச் சரிசெய்யலாம். வீணையை இழைக்க முடியுமா?

பள்ளி இசைக் குழுவைச் சேர்ந்த எங்களிடம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மார்கழிக் குளிர் வயலினுக்கு ஆகாதாமே, கம்பளியில் சுற்றி வைக்கலாமா?" என்பதே அது. குழந்தைக்குச் சளி பிடிக்குமென்று அஞ்சுவது போன்ற அன்பான கேள்வி. ஆயினும் வயலினுக்குச் சளி பிடிப்பதில்லை. கம்பளி, உள்ளிருந்து சூடு பிறக்கும் உடலுக்குத்தான் பயன்படும். மரத்துக்கு உள்ளே சூடு ஏது? மணமேல்குடியின் மார்கழியில் இரவு வெப்பம் மிகக் குறைந்தாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிர் மரத்தை ஒன்றும் செய்யாது. குளிரோடு சேர்ந்து வரும் வேறொன்றுதான் செய்கிறது. அது ஈரம். இன்னும் சரியாகச் சொன்னால், ஈரத்தின் ஏற்ற இறக்கம்.

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி கலந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். 0 டிகிரியிலோ 5 கிராமுக்கும் குறைவு. ஆகவே பகலில் 29 டிகிரியில் முக்கால் பங்கு ஈரத்தோடு இருந்த நம் கடற்காற்று, இரவில் 24 டிகிரிக்கு இறங்கியதும் நிறைந்து வழிகிற பாத்திரம் போலாகிவிடுகிறது. வழிவதுதான் பனி. விடியற்காலையில் கரையில் கிடக்கும் படகின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், கை நனையும். கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதும் இதனால்தான். கடற்கரையில் உள்ள நமக்குக் காற்றிலேயே உப்புத் துகள் இருக்கிறது. அது எந்தப் பொருளின்மேல் படிந்தாலும் அங்கே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மரம் வெட்டப்பட்ட பிறகும் இந்த ஈரத்தைக் குடிப்பதையும் கக்குவதையும் நிறுத்துவதில்லை. நூறு வருடமான உத்தரமும் இதைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், மரத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நீர் தங்கும். காற்று 30 சதவீதத்துக்கு வறண்டால் மரத்தில் 6 சதவீதமே மிஞ்சும். நீர் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். அப்படி உப்புவதும் சுருங்குவதும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிக மிகச் சொற்பம், அகலவாக்கில்தான் அதிகம். இரண்டு பலகைகளை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி ஒட்டினால், ஒன்று சுருங்க விரும்பும், மற்றது விடாது. அந்தப் பிடிவாதத்தில்தான் ஒட்டு விடும், அல்லது பலகை பிளக்கும்.

நம் ஊரில் படகு கட்டுகிற குடும்பங்களுக்கு இதைப் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. மரப் படகைப் பல வாரம் வெயிலில் கரையேற்றி வைத்தால் பலகை இடுக்குகள் வாய் பிளக்கும். தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகும். பிறகு பலகை ஊறி இடுக்கு தானே மூடிக்கொள்ளும். கண்ணாடி இழைப் படகுகள் பெருகிவிட்ட இந்நாளில் இந்த அறிவு தாத்தாக்களோடு நின்றுவிடுமோ என்று எங்களுக்குக் கவலை உண்டு. ஏனென்றால் எங்கள் இசை அறையைக் காப்பாற்றியது அந்த அறிவுதான். முழுவதும் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. பாதி என்றே சொல்ல வேண்டும். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலும் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இன்றைய கீழ் வகுப்புத் தங்கைகள் தம் வீட்டில் கேட்டுத் தெரிந்திருப்பார்கள். இசை அறையின் ஓடுகள் பறந்துவிட்டன. விடிந்து போய்ப் பார்த்தபோது வீணை, ஹார்மோனியம், இரண்டு மிருதங்கங்கள் எல்லாம் நனைந்து கிடந்தன. வயலின்கள் இரண்டும் பெட்டிக்குள் மூடியிருந்ததால் நீர் நேராகப் படவில்லை; பெட்டியின் துணி மட்டும் ஊறிப் போயிருந்தது. ஊரில் கூரை இழந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இசைக்கருவியை எண்ணி அழுவது கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அழுதோம்.

மின்சாரம் இல்லை. மழை விட்டு நல்ல வெயில் வந்ததும், நனைந்ததைக் காய வைப்பதுதானே முறை என்று எண்ணினோம். துணியைக் காயப் போடுவதுபோல் வீணையையும் ஹார்மோனியத்தையும் முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தோம். மதியம் தாண்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். தேங்காய் விழுந்தது என்றுதான் நினைத்தோம். போய்ப் பார்த்தால் வீணையின் குடமும் தண்டியும் சேருமிடத்தில் ஒட்டு விட்டிருந்தது. அங்கிருந்து குடத்தின்மேல் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஹார்மோனியத்தின் மேல்மூடி அப்பளம் போல் வளைந்துவிட்டது.

அன்று மாலை மகளைப் பார்க்க வந்த ஒரு தந்தை, படகுத் தச்சு வேலை செய்பவர், வயலின் பெட்டிகளையும் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன எங்களை வழிமறித்தார். "நனைந்த மரத்தை வெயிலில் காட்டாதீங்கம்மா, நிழலிலேயே கிடக்கட்டும்" என்றார். பெட்டியைத் திறந்து, காற்றோடும் தாழ்வாரத்தில், சுவரை ஒட்டாமல், உலர்ந்த துணி விரித்து வைக்கச் சொன்னார். நரம்புகளைச் சிறிது தளர்த்தினோம். முற்றிலும் தளர்த்தவில்லை, அழுத்தம் அறவே போனால் வயலினுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு குச்சி சாய்ந்துவிடும். மூன்று வாரம் காத்திருந்தோம். வயலின்கள் இரண்டும் பிழைத்தன. அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருவிழாப் பாடல்களுக்கு அவைதான் துணை வந்தன.

வெயில் ஏன் கெடுத்தது? கண்மாய் வற்றும்போது சேறு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்தோல் முதலில் உலர்ந்து சுருங்கும்; உள்ளே இன்னும் ஈரம் இருப்பதால் அது சுருங்காது. மேல்தோலுக்கு இடம் போதாமல் கிழிகிறது. எங்கள் வீணைக்கு நேர்ந்ததும் அதேதான். நனைந்ததால் மட்டும் அது உடையவில்லை, ஒரே பகலில் உலர்த்தியதால் உடைந்தது. இதைப் பின்னால் தஞ்சாவூரிலும் உறுதி செய்துகொண்டோம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக வீணையைத் தஞ்சைக்கு எடுத்துச் சென்றபோது, அதைப் பார்த்த கைவினைஞர் முதலில் கேட்டது, "வெயிலில் வைத்தீர்களா?" என்பதே. மருத்துவரிடம் பொய் சொல்ல முடியாத நோயாளி போல் தலை குனிந்து நின்றோம்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா இதற்குப் பெயர் பெற்றது. ஒரே மரத்தில் குடமும் தண்டியும் சேர்ந்தே குடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை; தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. எங்களுடையது ஒட்டு வீணை. ஏகாந்த வீணையில் ஒட்டு குறைவாதலால் இந்தத் தொல்லையும் குறைவு, விலையோ அதிகம். 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீணையில் மரம் மட்டுமன்றி மெழுகும் பருவத்தை அறியும். 24 மெட்டுகளும் தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்த கலவையில்தான் பதிக்கப்படுகின்றன. கோடையில் அது இளகி மெட்டு அமிழும். குளிரில் இறுகி, அடிபட்டால் பொருக்காக உதிரும். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் கட்ட வேண்டியிருக்கிறது.

மிருதங்கத்தின் கட்டையும் பலாவே. அது கனமானது, எளிதில் அசையாது. எங்கள் மிருதங்கங்கள் இரண்டிலும் தோல் பூத்துப் போய், வலந்தலையின் கரணை பெயர்ந்துவிட்டது. கட்டை இரண்டும் நன்றாகவே இருந்தன. புதிய தோல் மூட்டியதும் பழைய குரல் வந்துவிட்டது. மரம் வாரக்கணக்கில் மாறுவதைத் தோல் நிமிடக்கணக்கில் மாறிக் காட்டும். இதற்கு நம் மாவட்டமே சான்று. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையைச் சேரும். கஞ்சிரா வாசிப்பவர் தோலின் உட்பக்கம் சில துளி நீர் தெளித்துத் தேய்த்துச் சுருதியை இறக்குவதைப் பார்த்திருக்கலாம். மார்கழிப் பனியில் அந்த வேலையைக் காற்றே செய்துவிடும். சில நேரம் வேண்டியதற்கு மேலும் செய்துவிடும். பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால் இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன.

நாகஸ்வரத்தின் செய்தி வேறு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தைத் தேடும்போது, புதிதாக வெட்டிய மரத்தை விடப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மரத்தையே விரும்புகிறார்கள். பல தலைமுறை மழையையும் வெயிலையும் பார்த்து, உப்பியும் சுருங்கியும் அடங்கிப்போன மரம் அது. அந்த நாகஸ்வரத்துக்கும் 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இளம் மரத்தின் துடுக்கை வயது அடக்குகிறது என்று எங்கள் இசை ஆசிரியை சொல்லி, எங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

குளிர் எப்போதுமே மரத்துக்குப் பகை என்றும் எண்ண வேண்டாம். இத்தாலி நாட்டின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் உலகப் புகழ் பெற்றவை. 1645 முதல் 1715 வரை ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவியது. அதில் மரங்கள் மெதுவாக வளர்ந்து ஆண்டு வளையங்கள் நெருங்கி அமைந்ததே அந்த இனிமைக்கு ஒரு காரணமாகலாம் என்று 2003இல் அமெரிக்க அறிஞர் இருவர் கருத்துத் தெரிவித்தனர். எல்லோரும் இதை ஏற்கவில்லை. கைத்திறனை விட்டுவிட்டுக் காலநிலைக்கு மாலை போடுவது எங்களுக்கும் அவ்வளவாக உடன்பாடில்லை.

உண்மையான கடுங்குளிரில் என்ன ஆகும் என்பதை எங்களுக்குக் கற்பித்தவர், கனடா நாட்டு டொராண்டோவில் வாழும் நம் பழைய மாணவி ஒருவர். திருமணமாகிப் போகும்போது தன் வீணையையும் கொண்டுபோனார். முதல் ஜனவரியிலேயே நள்ளிரவில் வீணை வெடித்த சத்தம் கேட்டு எழுந்தாராம். "வீட்டுக்குள் நல்ல சூடு இருந்ததே, எப்படி?" என்று கேட்டு எழுதினார். விடை அந்தச் சூட்டில்தான் இருந்தது. வெளியே காற்று சுழிக்குக் கீழே 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது முழு ஈரத்தோடு இருந்தாலும் ஒரு கன மீட்டரில் இரண்டரை கிராம் நீராவிகூட இராது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாக்கப்படுகிறது. 17 கிராம் தாங்கக்கூடிய காற்றில் இரண்டரை கிராம் கூட இல்லையென்றால் ஈரப்பதம் என்ன? 14 சதவீதம்! சமைப்பதும் குளிப்பதும் சிறிது ஈரம் சேர்த்தாலும் அது பாலைவனக் காற்றுதான். தஞ்சையின் ஈரத்தில் பிறந்த பலா, அந்த வறட்சியில் சுருங்கும். ஓர் அடி அகலமுள்ள பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறுகிவிடும். 3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஒட்டிய பலகைக்கு அது பெரும் பிளவு.

நம் ஊரில் குளிர்காலம் மரத்தை உப்ப வைக்கிறது. அங்கே வற்ற வைக்கிறது. ஆகவே அங்குள்ள உறவினர் சொல்லும் வைத்தியத்தை இங்கே அப்படியே செய்வதும், இங்குள்ளதை அங்கே செய்வதும் கேடாகவே முடியும். அந்தச் சகோதரி இப்போது ஈரமூட்டும் கருவி ஒன்றை அறையில் வைத்திருக்கிறார். வீணைப் பெட்டிக்குள் ஓட்டையிட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த பஞ்சு ஒன்றும் உண்டு. நாம் மணமேல்குடியில் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்தால் ஒரு வாரத்தில் காளான் பறிக்கலாம்.

இங்கே நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் அளந்து பார்க்க வேண்டும். மர இசைக்கருவிக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் உகந்தது என்பர். கடற்கரையில் அது கிடைக்கப்போவதில்லை. 70ஐ ஒட்டி, ஏற்ற இறக்கமின்றி நின்றாலே போதுமென்று நாங்கள் திருப்தி அடைகிறோம். சிறிய ஈரப்பதமானிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அது வருமுன் மேல்நிலை மாணவியர் ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுவந்து, ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றி அளந்தார்கள். அறை 27 டிகிரி இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரி என்றால் ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதம். வித்தியாசம் 7 டிகிரி என்றால் பாதிதான். பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது வீணைக்குப் பயன்பட்டதில் இயற்பியல் ஆசிரியைக்கு மகிழ்ச்சி.

அடுத்து, வைக்கும் இடம். சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. இரண்டும் மழைக்காலத்தில் வியர்க்கும். உள்சுவர்ப் பக்கம், பலகையின்மேல், ஒரு சாண் இடைவெளி விட்டு வைக்கலாம். பழைய பட்டுப் புடவைத் துண்டில் சுற்றி வைப்பது மிக நல்லது. பிளாஸ்டிக் உறையை இறுகக் கட்டினால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டியில் போடலாம். அவை ஈரம் குடித்து நிறைந்ததும், சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் அவை வெறும் பைகளே. அந்தக் காலத்தில் அலமாரிக்குள் ஒரு சிறு குண்டு பல்பை எரியவிடுவார்கள். 26 டிகிரி காற்றை 30 டிகிரிக்கு உயர்த்தினாலே 85 சதவீத ஈரப்பதம் 70க்குக் கீழே வந்துவிடும் என்பதே அதன் சூட்சுமம். இன்றைய எல்.இ.டி. பல்பில் அந்த அளவு சூடு இல்லை. குண்டு பல்பு கிடைத்தாலும், கருவியிலிருந்தும் துணியிலிருந்தும் தள்ளி, பெரியவர் ஒருவர் பொறுப்பில்தான் வைக்க வேண்டும்.

வயலின் பிருடை மழையில் உப்பி இறுகிவிட்டால் முறுக்கிப் பலம் பார்க்காதீர்கள். கழுத்துப் பகுதி பிளந்துவிடும். உலர்ந்த நாள் வரும்வரை பொறுத்திருந்து, கழற்றி, சிறிது உலர்ந்த சோப்பைத் தடவினால் இளகும். வெயில் காலத்தில் வழுக்கினால் சாக்குத்தூள் போதும். வில்லின் குதிரைமயிர் ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும். ஆகவே வாசித்து முடித்ததும் அதைத் தளர்த்தியே வைக்க வேண்டும். ஹார்மோனியத்தின் பித்தளை நாக்குகளை உப்புக் காற்று பச்சையாக்கும். மூடியும் துணியும் போட்டு வைப்பதைத் தவிர எளிய வழி கிடையாது. பளபளப்புக்காக மரத்தின்மேல் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது தூசியையும் பூஞ்சையையும் விருந்துக்கு அழைப்பதாகும். மிருதங்கத்தின் தொப்பியில் அப்பிய ரவையை வாசித்தவுடன் சுரண்டித் துடைக்காவிட்டால் பூச்சிகளுக்கும் விருந்துதான்.

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கருவிகளைத் தூக்கிச் செல்லும்போது எங்களுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறோம். பனியில் பெட்டியைத் திறப்பதில்லை. கோவிலுக்குள் சென்றதும் உடனே திறப்பதுமில்லை. உள்ளே நிறைந்திருக்கும் மக்களின் மூச்சுக் காற்றில் வெதுவெதுப்பும் ஈரமும் மிகுதி. குளிர்ந்த மரம் சட்டென்று அதைச் சந்தித்தால், சோடா பாட்டிலின்மேல் வியர்ப்பது போல் வயலின்மேலும் நீர் கோக்கும். அரைமணி நேரம் மூடிய பெட்டியிலேயே இருக்கட்டும். அதற்காகத்தான் பாடற்குழு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசை இடத்துக்காக அல்ல என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறோம்.

தஞ்சையிலிருந்து வீணை நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒட்டு சேர்ந்துவிட்டது, மேளம் புதிதாகக் கட்டியிருந்தார்கள். வெடிப்பை உள்ளிருந்து அடைத்து மெருகிட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் மட்டும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் ஆறாம் வகுப்பு மாணவியரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டிய பிறகே அவர்களிடம் ஈரப்பத நோட்டைக் கொடுக்கிறோம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை எழுத வேண்டும். இன்று காலைப் பதிவு 81. அலமாரிப் பைகளை மாற்றச் சொல்லியிருக்கிறோம்.